மலைக்கு எந்தப் பக்கம்? நீலப் புள்ளிகளை வைத்து சவ்வுப் புரதங்களை வரைந்த கதை

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலைக்கு இரண்டு பக்கம் உண்டு, இரண்டும் ஒன்று இல்லை. மலை உச்சியிலும் அதற்கு மேற்கே இடுக்கிப் பக்கமும் ஏலம், தேயிலை, மிளகு. கிழக்கே இறங்கினால் மழை மறைவுப் பிரதேசம். அங்கே பன்னீர் திராட்சைப் பந்தல்கள். யாரையாவது கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் ஒரு தோட்டத்தில் இறக்கிவிட்டாலும், கட்டை அவிழ்த்த அடுத்த நிமிஷம் "மலைக்கு இந்தப் பக்கம்"னு சொல்லிடுவார். வரைபடமும் வேண்டாம், திசைகாட்டியும் வேண்டாம். என்ன காய்க்குதுன்னு பார்த்தா போதும்.

1980களின் நடுவில் பாக்டீரியா மரபியல்காரர்கள் சிலர் இதே தந்திரத்தை ஒரு நுண்ணுயிரின் தோலில் செய்து பார்த்தார்கள். அவர்களுடைய மலை சுமார் 4 நானோமீட்டர் தடிமன் உள்ள ஒரு எண்ணெய்ப் படலம். பயிருக்குப் பதிலாக ஒரு நொதி. அந்த வேலை எப்படித் தொடங்கியது, ஐதராபாத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இந்தக் குறிப்பு. நடுவில் வாளவரை விதையும் அவுரிச் சாயமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்ப்போம்.

நம் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவுக்கு உள்ளே ஒரு சவ்வு, வெளியே ஒரு சவ்வு, இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குப் பெயர் பெரிப்பிளாசம். உள்சவ்வுக்குள்ளே இருப்பது சைட்டோபிளாசம், அதாவது செல்லின் வீடு. சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் எதுவாக இருந்தாலும் உள்ளே வரவோ வெளியே போகவோ இந்த உள்சவ்வைத் தாண்டியாக வேண்டும். எண்ணெய்ப் படலத்தைத் தண்ணீரில் கரையும் பொருள்கள் தாமாகத் தாண்டாது. அதற்காக சவ்வில் புரதங்கள் குத்திக்கொண்டு நிற்கின்றன. தேக்கடித் தண்ணீரை மலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி 1895இல் நம்ம பள்ளத்தாக்குக்குக் கொண்டு வந்தார்களே, அந்த மாதிரி வேலை.

இந்தப் புரதம் ஒரு நீண்ட நூல். சவ்வை ஒருமுறை குத்தி மறுபக்கம் போய், வளைந்து திரும்பி, மறுபடி குத்தி இந்தப் பக்கம் வரும். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவு இருக்கிற மாதிரி, சில புரதங்கள் 12 தடவை இப்படிப் போய்வரும். எத்தனை தடவை குத்துகிறது, எந்த வளைவு உள்ளே, எந்த வளைவு வெளியே, நூலின் இரண்டு முனைகளும் எந்தப் பக்கம்? இந்த அமைப்பைத்தான் புரதத்தின் 'டோப்பாலஜி' என்கிறார்கள். தமிழில் 'கிடப்பு' என்று சொல்லலாம்னு எனக்குத் தோணுது. நிலம் எப்படிக் கிடக்கிறது என்று நாம் சொல்வதில்லையா, அந்தப் பொருளில்.

கிடப்பு தெரியாமல் ஒரு கடத்துப் புரதத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. ஒரு முக்கியமான அமினோ அமிலம் சர்க்கரையைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெளிவாசலில் நின்று பிடிக்கிறதா, உள்வாசலில் நின்று பிடிக்கிறதா என்பது தெரியாவிட்டால் சுரங்கத்தில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே தெரியாது.

ஆனால் பார்ப்பது எப்படி? சவ்வுப் புரதத்தைப் படிகமாக்குவது அன்றைக்கு மகா கஷ்டம். சவ்வை விட்டு வெளியே எடுத்தால் கட்டியாகிவிடும். ஒளிச்சேர்க்கை பாக்டீரியா ஒன்றின் சவ்வுப் புரதக் கூட்டத்துக்கு முதல்முதலாக அணு அளவில் படம் கிடைத்தது 1985இல். டைசன்ஹோஃபர், மிஷெல், ஹூபர் மூவருக்கும் 1988இல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்றால் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்குக் கையில் இருந்தது கணக்கு மட்டும்தான். மரபணு வரிசையைப் படித்து, தண்ணீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் இருபது தொடர்ந்து வந்தால் 'இந்த இடம் சவ்வைக் குத்துகிறது போல' என்று யூகிப்பது. 1982இல் கைட், டூலிட்டில் இருவரும் இதற்கு ஒரு வரைபட முறையே கொடுத்தார்கள். யூகம் நல்ல யூகம்தான். ஆனால் ஒரு இடத்தில் எண்ணிக்கை தப்பினால் அதற்குப் பிறகு வரும் எல்லா வளைவும் பக்கம் மாறிவிடும்.

இங்கேதான் ஜோன் பெக்வித் வருகிறார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக்காரர். 1969இல் ஈ.கோலியிலிருந்து லாக் மரபணுவைத் தனியாகப் பிரித்தெடுத்த குழுவில் ஒருவர். அதை அறிவித்த கையோடு 'இந்த அறிவியல் தப்பான கைக்குப் போகலாம்' என்று எச்சரித்து, பிறகு தனக்குக் கிடைத்த எலை லில்லி பரிசுப் பணத்தை பிளாக் பேந்தர் கட்சிக்குக் கொடுத்தவர். அந்தக் கதை தனி. நமக்கு வேண்டியது அவருடைய ஆய்வகத்தில் வளர்ந்த ஒட்டுக் கலை.

மாமரத்தில் ஒட்டுக்கட்டுவது தெரியுமல்லவா, அதே தான். லாக்-இசட் என்ற மரபணு பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற நொதியை உண்டாக்கும். அந்த நொதியின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு வேறு ஒரு புரதத்தின் உடலோடு ஒட்டினாலும் நொதி வேலை செய்யும். அதனால் எந்த மரபணுவோடும் இதை ஒட்டிவிட்டு, நொதியை அளந்தால், அந்த மரபணு எப்போது முழித்துக்கொள்கிறது என்று சொல்லிவிடலாம். 1970களின் நடுவில் அங்கே மாணவராக இருந்த மால்கம் கசடாபன், ம்யூ என்ற வைரஸைக் கொண்டு இந்த ஒட்டை எந்த மரபணுவிலும் கட்டலாம் என்று காட்டினார்.

சுலபமாகத் தெரிகிறதா? அடுத்த படியில்தான் மாட்டிக்கொண்டார்கள். செல்லை விட்டு வெளியே போகிற புரதத்தோடு பீட்டா-காலக்டோசிடேஸை ஒட்டினால் அதுவும் கூடவே வெளியே போகும் என்று நினைத்தார்கள். போகவில்லை. சவ்வின் வாசலில் சிக்கிக்கொண்டது. மால்ட்டோஸ் சர்க்கரை கொடுத்தால் ஒட்டுப்புரதம் ஏராளமாக உண்டாகி, வாசல் அடைபட்டு, செல்லே செத்துப்போனது. குறுகலான மலைப்பாதையில் கரும்பு லாரி குறுக்கே நின்ற கதை.

சரி, வெளியே போனால் மட்டுமே வேலை செய்கிற ஒரு நொதி கிடைத்தால்? இருந்தது. ஃபோ-ஏ மரபணு உண்டாக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ். இது இயல்பாகவே பெரிப்பிளாசத்தில் வாழும் நொதி. அதை உள்ளேயே நிறுத்தி வைத்தால் செத்த மாதிரிக் கிடக்கும். காரணம் கந்தகம். இந்தப் புரதத்தில் இரண்டு கந்தகப் பாலங்கள் கட்டப்பட வேண்டும், அப்போதுதான் உருவம் நிற்கும். சைட்டோபிளாசத்தில் அந்தப் பாலம் கட்டாது, பெரிப்பிளாசத்தில்தான் கட்டும். திராட்சைக்குக் கிழக்குப் பக்கம் மாதிரி.

1985இல் காலின் மனாயிலும் பெக்வித்தும் ஃபோ-ஏ மரபணுவின் தலையில் இருக்கும் 'வெளியே போ' என்ற சீட்டைக் கிழித்துவிட்டு, மீதியை ஒரு தாவும் மரபணுவுக்குள் வைத்தார்கள். டிஎன்-ஃபோ-ஏ என்று பெயர். அது குரோமோசோமில் கண்ட இடத்தில் போய் உட்காரும். சரியான திசையிலும் சரியான வாசிப்புச் சட்டகத்திலும் விழ வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். அப்படி விழுந்து, விழுந்த இடத்துப் புரதம் அதை வெளியே தள்ளினால் மட்டும் நொதி உயிர் பெறும். தட்டில் அந்தக் காலனி மட்டும் நீலமாக மாறும். பாஸ்டனில் இன்னொரு ஆய்வகத்தில் ஹாஃப்மன், ரைட் இருவரும் அதே 1985இல் இதே யோசனையோடு வந்தார்கள். ஆனால் தாவும் மரபணு என்ற வசதிதான் இதை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது.

அந்த நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டில் ஊற்றும் பொருளுக்கு எக்ஸ்-பி என்று பெயர். லாக்-இசட்டுக்கு எக்ஸ்-கால். இரண்டிலும் நிறமற்ற ஒரு துண்டு, பாஸ்பேட்டோடோ சர்க்கரையோடோ பிணைந்திருக்கும். நொதி அந்தப் பிணைப்பை வெட்டிவிட்டால் மிஞ்சும் துண்டுகள் காற்று பட்டு இரண்டிரண்டாகச் சேர்ந்து நீலச் சாயமாகும். திண்டிவனம் பக்கம் அவுரி இலையைத் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு தண்ணீரை அடி அடின்னு அடித்துக் காற்றேற்றி நீலம் எடுக்கிறார்களே, அங்கே நடப்பதும் இதே வேதியியல். இலையில் குளுக்கோஸோடு பிணைந்திருப்பது வெட்டுப்பட்டு, காற்றில் நீலமாகிறது. தட்டில் வருவது அதே இண்டிகோவுக்கு குளோரினும் புரோமினும் மாட்டிவிட்ட உறவுக்காரன். இந்த உறவு தெரிந்த பிறகு எந்த ஆய்வகத் தட்டைப் பார்த்தாலும் எனக்குச் சாயத்தொட்டி நினைவுதான் வருகிறது.

1986இல் மனாயிலும் பெக்வித்தும் 'சயன்ஸ்' இதழில் அடுத்த படியை எழுதினார்கள். வெளியே போகும் புரதங்களைத் தேடுவது ஒரு பயன்தான். ஒரே சவ்வுப் புரதத்தின் பல இடங்களில் இந்த நொதியை ஒட்டினால்? வளைவு பெரிப்பிளாசத்தில் இருந்தால் ஒட்டு நீலம், சைட்டோபிளாசத்தில் இருந்தால் வெளுப்பு. நூலின் நீளத்துக்கு நீலம், வெளுப்பு, நீலம், வெளுப்பு என்று குறித்துக்கொண்டே போனால் கிடப்பு தானாக வரையப்பட்டுவிடும். முதல் உதாரணம் செரின் என்ற அமினோ அமிலத்தை மோப்பம் பிடிக்கும் ஒரு புரதம். அடுத்த வருஷமே டானா பாய்டும் சேர்ந்து, மால்ட்டோஸ் கடத்தும் மால்-எஃப் என்ற பெரிய புரதத்துக்கு இதைச் செய்தார்கள். சவ்வை எட்டு முறை குத்தும் புரதம் அது. படிகப் படம் 2007இல் வந்தபோதும் எட்டு எட்டாகவே இருந்தது. லாக்டோஸ் கடத்தும் புரதத்துக்கு 1990இல் கலாமியாவும் மனாயிலும் ஒட்டுப்போட்டு 12 என்ற கணக்கை உறுதி செய்தார்கள். 2003இல் கபாக்கும் இவாட்டாவும் எடுத்த படத்திலும் 12. புரதத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, தட்டில் நிறத்தை மட்டும் பார்த்தார்கள். இருந்தும் கணக்கு தப்பவில்லை.

இன்னொரு லாபமும் கிடைத்தது, அது யாரும் எதிர்பார்க்காதது. மால்-எஃப் புரதத்தின் வெளிப்பக்க வளைவு ஒன்றில் லாக்-இசட்டை ஒட்டியிருந்தார்கள். அது விதிப்படி வெளுப்பாகவே இருந்தது. இந்த வெளுப்பை நீலமாக்கும் பிறழ்வுகள் உண்டா என்று தேடினால், கிடைத்தது கந்தகப் பாலத்தைக் கட்டிக் கொடுக்கும் ஒரு நொதியின் மரபணு! பார்ட்வெல், மக்கவர்ன், பெக்வித் மூவரும் 1991இல் அறிவித்தார்கள். டிஎஸ்பி-ஏ என்று பெயர். அதுவரை கந்தகப் பாலம் காற்றுப் பட்டால் தானாகவே கட்டிக்கொள்ளும் என்றே பெரும்பாலும் நம்பியிருந்தார்கள். செல்லுக்குள் அதற்கென்று ஒரு கொத்தனார் இருக்கிறார் என்பது, வெளுத்துப்போன ஒரு ஒட்டைப் பார்த்து 'இது ஏன் வெளுப்பு?' என்று கேட்டதால் தெரியவந்தது.

இனி நம்ம ஊர்ப் பக்கம்.

ஜெ. கௌரிசங்கர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படித்தவர். ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு போகாமல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பிட்டர்டிடம் பாக்டீரியா மரபியலில் முனைவர் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து ஐதராபாத்தின் சிசிஎம்பி, அதாவது செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ஈ.கோலியோடு உட்கார்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி உப்பு. சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு ஏறினால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். ஊறுகாய் கெடாததன் ரகசியம் அதுதான். ஆனாலும் ஈ.கோலி ஒரு அளவு வரை தாக்குப்பிடிக்கிறது. எந்த மரபணுக்களை முழிக்க வைத்து?

இதற்கு அவர் பயன்படுத்தியது லாக் ஒட்டு. 1985இல் வந்த கட்டுரையில் ஒரே பெயர், அவருடையது. உப்பு ஏறும்போது முழிக்கும் மரபணுக்களை ஒட்டின் நிறத்தை வைத்துப் பிடித்து, பொட்டாசியத்தையும் புரோலினையும் உள்ளே இழுக்கும் அமைப்புகள் இதில் பங்கெடுக்கின்றன என்று காட்டினார். ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்கணும். இந்த ஒட்டு சொல்வது 'எப்போது' என்பதை. பெக்வித் ஆய்வகத்தின் ஃபோ-ஏ ஒட்டு சொல்வது 'எங்கே' என்பதை. ஒரே கலைதான், ஆனால் கேள்வி வேறே.

அப்படிப் பிடிபட்டவற்றில் ஒன்று ப்ரோ-யூ. அதன் டிஎன்ஏ வரிசை முழுவதையும் 1989இல் கௌரிசங்கர் படித்து வெளியிட்டார், மறுபடியும் தனிப் பெயரில். உள்ளே மூன்று மரபணுக்கள் வரிசையாக இருந்தன. ஒன்று ஏடிபியை எரித்து சக்தி கொடுப்பது. ஒன்று பெரிப்பிளாசத்தில் நின்று கிளைசின் பீட்டைன் என்ற உப்புத்தாங்கிப் பொருளைப் பிடிப்பது. நடுவில் இருக்கும் ப்ரோ-டபிள்யூ, 354 அமினோ அமிலம் நீளம், சவ்வைக் குத்தி நிற்கும் சுரங்கம்.

அந்த வரிசையைப் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரம் கண்ணில் பட்டிருக்கும். ப்ரோ-டபிள்யூவின் தலையில் சுமார் 100 அமினோ அமிலம் நீளத்துக்கு ஒரு வால் தொங்குகிறது, அது சவ்வைக் குத்தவில்லை. அதுக்குப் பிறகுதான் குத்தல்கள் தொடங்குகின்றன. ஏழு குத்தல் என்று கணக்கு சொன்னது. ஏழு ஒற்றைப்படை, எனவே இரண்டு முனைகளும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தாக வேண்டும். வால் உள்ளே என்றால் கடைசி முனை வெளியே, வால் வெளியே என்றால் கடைசி முனை உள்ளே. எது?

இதற்கு ஜெர்மனியில் ஹார்ட்டும் எர்ஹார்ட் பிரெமரும் 1996இல் பதில் சொன்னார்கள், ஒட்டுகளை வைத்தே. செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தாவும் மரபணுக்களை வைத்து ப்ரோ-டபிள்யூவில் வேலை செய்யும் ஃபோ-ஏ ஒட்டு 10, லாக்-இசட் ஒட்டு 8 எடுத்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நொதியை மாற்றிப் போட்டார்கள். ஃபோ-ஏ இருந்த இடத்தில் லாக்-இசட், லாக்-இசட் இருந்த இடத்தில் ஃபோ-ஏ. கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாம் தலைகீழாக வந்தது. ஒன்று உயர்ந்த இடத்தில் மற்றது தாழ்ந்தது. ஏன் இது முக்கியம்? ஃபோ-ஏ வெளுப்பு என்றால் 'உள்ளே இருக்கு' என்றும் சொல்லலாம், 'ஒட்டுப்புரதம் உடைஞ்சு போச்சு' என்றும் சொல்லலாம். இல்லை என்ற பதிலை மட்டும் வைத்து வரைபடம் போடக்கூடாது. அதே இடத்தில் லாக்-இசட் 'ஆமாம்' என்று சொன்னால்தான் நம்பலாம். ஏலம் இல்லாத தோட்டமெல்லாம் கிழக்குப் பக்கம் ஆகிவிடாது, திராட்சையும் இருக்கணும்.

வால்? அதை வேறு வழியில் சோதித்தார்கள். வெளிச்சவ்வைக் களைந்த செல்களில் புரதம் வெட்டும் நொதி ஒன்றைப் போட்டால் வால் வெட்டுப்பட்டது. நொதிக்கு எட்டியது, எனவே வால் வெளியே, பெரிப்பிளாசத்தில். 100 அமினோ அமிலம் நீளமுள்ள முன்வாலை சவ்வுக்கு வெளியே தள்ளி வைப்பது ஈ.கோலியில் வழக்கமான ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் படிக்கப்பட்ட வரிசையின் கிடப்பு இப்படி ஜெர்மனியில் வரையப்பட்டது. அதே 1996இல் கௌரிசங்கரின் பழைய குரு பிட்டர்டும் பையும் மெல்பர்னில் ஃபினைல்அலனின் கடத்தும் ஃபே-பி புரதத்துக்கு 25 ஃபோ-ஏ ஒட்டு போட்டார்கள். 12 குத்தல் என்ற பழைய யூகம் நின்றது, ஆனால் மூன்றாவது, ஆறாவது குத்தல்கள் எங்கே தொடங்குகின்றன என்பதைத் திருத்த வேண்டியிருந்தது.

அந்த 25 ஒட்டுகளும் 'சாண்ட்விச்' வகை. 1990இல் எர்மன், பாய்ட், பெக்வித் கொண்டு வந்த முன்னேற்றம் அது. சாதாரண ஒட்டில், ஒட்டிய இடத்துக்குப் பிறகு இருக்கும் புரதப் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். பாதி மலைச்சாலையை அழித்துவிட்டு மீதிப் பாதையின் போக்கைக் கேட்பது மாதிரி. சில புரதங்களில் பின்னால் வரும் பகுதிதான் முன்னால் உள்ள வளைவை அதன் இடத்தில் பிடித்து வைக்கும். சாண்ட்விச் ஒட்டில் நொதி நடுவில் செருகப்படும், இரண்டு பக்கமும் புரதம் முழுசாக இருக்கும்.

நம் நாட்டு ஆய்வகமே ஒரு புரதத்தின் கிடப்பை ஒட்டு வைத்து வரைந்த கதைக்கு வருவோம். அது வாளவரையில் ஆரம்பிக்கிறது.

வாளவரை, தம்பட்டங்காய் என்று நாம் சொல்லும் கொடியின் விதையில் கானவனைன் என்ற நஞ்சு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பழங்குடிகள் இந்த விதையைப் பலமுறை கொதிக்க வைத்து, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். கானவனைன் பார்ப்பதற்கு ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் மாதிரியே இருக்கும். ஏமாந்த செல் அதைத் தன் புரதத்துக்குள் கட்டிவிடும். கட்டடம் கோணலாகும்.

2004இல் மதுசூதன் நந்தினேனியும் கௌரிசங்கரும், அதற்குள் ஐதராபாத்திலேயே சிடிஎஃப்டிக்கு, அதாவது டிஎன்ஏ கைரேகை மற்றும் நோயறிதல் மையத்துக்கு மாறியிருந்தார்கள், ஈ.கோலியில் பெயரில்லாமல் கிடந்த ஒரு மரபணுவைப் பற்றி எழுதினார்கள். அதை எடுத்துவிட்டால் பாக்டீரியா கானவனைனுக்குப் பயங்கரமாகச் சாகிறது. அதோடு லாக் ஒட்டுப் போட்டுப் பார்த்தால் ஆர்ஜினைன் கொடுத்ததும் முழிக்கிறது, லைசின் கொடுத்தால் தூங்கிவிடுகிறது. அதிகமாக இருந்தால் ஆர்ஜினைன் செல்லை விட்டு வெளியே வருகிறது. ஆக, இது ஆர்ஜினைனை வெளியே தள்ளும் புரதம். ஆர்க்-ஓ என்று பெயர் வைத்தார்கள். ஒரு செல் தன் சொந்த அமினோ அமிலத்தை எதற்கு வெளியே தள்ள வேண்டும்? செடியிலிருந்து வரும் கானவனைன் மாதிரி நஞ்சைத் துப்புவதற்காக இருக்கலாம், அல்லது ஆர்ஜினைனும் லைசினும் உள்ளே ஒரு சமநிலையில் இருப்பதற்காக இருக்கலாம் என்று எழுதினார்கள். இரண்டு சாத்தியத்தையும் திறந்தே வைத்தது எனக்குப் பிடிக்கிறது.

ஆர்க்-ஓவின் சொந்தக்காரன் கோரினிபாக்டீரியம் குளூட்டாமிகத்தில் இருக்கும் லைஸ்-ஈ. கோழித் தீவனத்தில் சேர்க்கும் லைசினை வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் தொட்டியில் நொதிக்க வைத்து எடுக்கிறார்களே, அதில் உழைப்பது அந்த பாக்டீரியாதான். மக்காச்சோளத்தில் லைசின் போதாது, அதனால் இந்த ஏற்பாடு. லைசினை வெளியே தள்ளும் வாசல் லைஸ்-ஈ. தண்ணீரை வெறுக்கும் பட்டைகள் அதில் ஆறு இருந்தாலும் சவ்வைக் குத்துவது ஐந்துதான் என்று 1990களின் கடைசியில் ஒட்டு ஆய்வு ஒன்று சொன்னது. யூகக் கணக்கை மட்டும் நம்பினால் ஒன்று தப்பிவிடும் என்று முன்னே சொன்னேனே, அதுக்கு இதுவே சாட்சி.

ஆர்க்-ஓவின் கிடப்பை 2016இல் சிடிஎஃப்டியின் அபிஜித் சர்தேசாய் குழு வெளியிட்டது. முதல் பெயர் அம்ருதா இல்லை, ஆமிர் இல்லை, 'பதானியா' என்ற குடும்பப் பெயர். கூடவே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பி. கோபால். சர்தேசாய் முன்பு கௌரிசங்கரோடு சேர்ந்து உப்பு, பொட்டாசியம் பற்றி எழுதியவர், எனவே அதே மரபுவழிதான். மூன்று கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார்கள். ஒன்று நம்ம ஃபோ-ஏ ஒட்டு. இரண்டாவது, புரதத்தில் ஒவ்வொரு இடமாக ஒரு சிஸ்டைனை நட்டு, வெளியிலிருந்து ஊற்றும் வேதிப்பொருள் அதைத் தொடுகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது கணினி மாதிரி. மூன்றும் சேர்ந்து சொன்னது: ஐந்து குத்தல், முதல் 40 அமினோ அமிலம் சுமாராக சைட்டோபிளாசத்தில், கடைசி முனை பெரிப்பிளாசத்தில்.

அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். இரண்டு முனைகளையும் வெட்டிப் பார்த்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கடைசி முனை இல்லாவிட்டாலும் ஆர்க்-ஓ வேலை செய்தது. உள்ளே இருக்கும் முன்பகுதி இல்லாவிட்டால் செய்யவில்லை. சவ்வின் இரண்டு ஓரங்களுக்கும் அருகில் எதிரெதிராக இரண்டு ஆஸ்பார்டேட்கள் நிற்கின்றன, உறவுக்காரப் புரதங்களிலும் மாறாமல் இருப்பவை. ஆர்ஜினைன் நேர்மின்னூட்டம் உள்ளது, ஆஸ்பார்டேட் எதிர்மின்னூட்டம் உள்ளது. உள்வாசலில் ஒருவர், வெளிவாசலில் ஒருவர் என்று நின்று ஆர்ஜினைனைக் கைமாற்றிவிடுகிறார்கள் போலிருக்கிறது. கிடப்பு வரையாமல் அந்த இரண்டு பேரும் எதிரெதிர் வாசலில் நிற்கிறார்கள் என்று சொல்லியிருக்கவே முடியாது.

இந்த இடத்தில் ஒரு பக்கக் குறிப்பு. 1986இலேயே கன்னர் ஃபான் ஹைனே என்ற ஸ்வீடன்காரர் கவனித்த விஷயம்: சவ்வுப் புரதங்களின் உள்பக்க வளைவுகளில் ஆர்ஜினைனும் லைசினும் அதிகம், வெளிப்பக்க வளைவுகளில் குறைவு. எந்த வளைவு உள்ளே தங்கணும் என்பதை இந்த நேர்மின்னூட்டங்களே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆர்ஜினைனை வெளியே தள்ளும் புரதமும் தன் உடம்பில் உள்ள ஆர்ஜினைனால்தான் நிலை நிற்கிறது! ஃபான் ஹைனே குழு 2005இல் ஈ.கோலியின் 601 உள்சவ்வுப் புரதங்களுக்குக் கடைசி முனை எந்தப் பக்கம் என்று ஃபோ-ஏ ஒட்டும், பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி ஒட்டும் போட்டுப் பட்டியலே கொடுத்துவிட்டது. ஜிஎஃப்பி உள்ளே இருந்தால் ஒளிரும், இந்த வழியில் வெளியே போனால் ஒளிராது, எனவே ஃபோ-ஏவுக்கு அது சரியான எதிர்ஜோடி.

'இப்போ ஆல்ஃபாஃபோல்டு இருக்கே, வரிசையைக் கொடுத்தா உருவமே வந்துடுதே, இதெல்லாம் எதுக்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது தரும் உருவத்தில் சவ்வு இருக்காது. புரதம் எப்படி மடிகிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் தெரு என்பதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். அதை எழுத ஏதோ ஒரு முனையில் ஒரு ஒட்டாவது போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. செலவும் அதிகம் இல்லை. ஒரு பெட்ரித் தட்டு, பல்குச்சி, எக்ஸ்-பி, ஒரு ராத்திரி. படிகம் எடுக்க வசதியில்லாத ஆய்வகங்களுக்கு இந்த முறை எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சர்தேசாய் குழு அடுத்து எடுத்தது லைஸ்-ஓ, லைசினை வெளியே தள்ளும் ஈ.கோலிப் புரதம். 2015இல் அடையாளம் கண்டு, 2021இல் கிடப்பை வெளியிட்டார்கள். இந்தத் தடவை முழுக்க சிஸ்டைன் முறை. எட்டுக் குத்தல், இரண்டு முனைகளும் வெளியே, பெரிப்பிளாசத்தில். இங்கேயும் சவ்வின் உள்ளே ஒரு ஜோடி அமிலங்கள், 233ஆம் இடத்தில் குளூட்டாமேட், 261ஆம் இடத்தில் ஆஸ்பார்டேட். எண்ணெய்ப் படலத்துக்குள் புதைந்திருந்தாலும் தண்ணீருக்கு எட்டும் இடத்தில் நிற்கின்றன. இரண்டில் எதை மாற்றினாலும் புரதம் வேலை நிறுத்தம். உள்வெளியாகத் திருப்பிய சவ்வுக் குமிழிகளில், லைசின் மாதிரியே நடிக்கும் தையாலைசின் என்ற நஞ்சைக் கொடுத்தால் புரோட்டான் வெளிப்பட்டது. லைசினைக் கொடுத்தால் அப்படி வெளிப்படவில்லை. அந்த இரண்டு அமிலங்களும் இருந்தால்தான் புரோட்டான் வந்தது.